நிழலில் விளையும் ருசி

லாங் ஐலண்டுக்குப் படகு ஒன்றுதான் வழி. நடு அந்தமானின் கிழக்கே, ரங்கத்தை அடுத்த யெரட்டா துறையிலிருந்து கடலைத் தாண்டியாக வேண்டும். கடல் கொந்தளித்தால் காய்கறிக்கூடையும் கரையிலேயே நின்றுவிடும். இத்தகைய தீவுகளில் வீட்டுக்குப் பின்னால் தோட்டம் போடுவது பெரிய கலை. அந்தமானில் குடியேறியவர்கள் அதில் கைதேர்ந்தவர்கள்.

நல்ல தோட்டம் அடுக்கடுக்காக நிற்கும். உச்சியில் தென்னை, அதற்குக் கீழே பாக்கு, மரத்தைப் பற்றி ஏறும் மிளகுக்கொடி, இடைவெளியில் வாழை, மண்ணுக்குள் சேனையும் பெருவள்ளியும். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் கொட்டும் மழையின் வேகத்தை மேலடுக்கு தணித்துவிடும்; கீழே மண் கரையாது.

இந்த நிழலுக்குள் நான் முதலில் தேடுவது பர்மா தனியாவை. தரையோடு படர்ந்த நீண்ட இலை, விளிம்பெல்லாம் ரம்பப் பல். நம் கொத்தமல்லி அடைமழையில் அழுகிப் போகும். இது நிழலும் ஈரமும் இருந்தால் இலை அகன்று செழிக்கும். பூத்தண்டு தலைகாட்டியதும் கிள்ளிவிட வேண்டும், இல்லையென்றால் இலை சிறுத்து முரடாகிவிடும். கொத்தமல்லியை இறக்கும்போதுதான் தூவுவோம். பர்மா தனியாவை மீன்குழம்பு கொதிக்கும்போதே போடலாம், மணம் குன்றாது. தேங்காய்ப்பாலின் இனிப்பை அந்தக் காட்டமான வாசனை அழகாக வெட்டிக் கொடுக்கும்.

பக்கத்துச் சோறும் சாதாரணமல்ல. 1925-இல் பர்மாவிலிருந்து மாயாபந்தர் அருகே வெபியில் குடியேறிய கரேன் மக்கள் தங்கள் நெல்லையும் கூடவே கொண்டுவந்தார்கள். குஷ்பய்யா என்ற வாசனை நெல்லும், கருநிறமான பர்மா அரிசியும் அவர்கள் கைவழி வந்தவை.

பல பயிர் என்பது நாக்குக்கு மட்டும் அல்ல, உயிருக்கும் காப்பு. 1845-இல் அயர்லாந்தில் கருகல் நோய் உருளைக்கிழங்கை அழித்தது. அந்த ஒரே கிழங்கை நம்பியிருந்த ஏழைக் குடியானவர்கள் அடுத்த சில ஆண்டுகளில் லட்சக்கணக்கில் மாண்டார்கள். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் பிடியில் இருந்தபோது, சரக்குக் கப்பல் நின்றுபோய் அந்தமானும் பட்டினி கண்டது.

அதனால் தோட்டத்தை மதிப்பிட நான் தேங்காயை எண்ணுவதில்லை. ஒரு வேளைக் குழம்புக்கு வேண்டியதில் எத்தனை பொருள் அங்கேயே கிடைக்கிறது என்றுதான் பார்க்கிறேன். மீனும் உப்பும் தவிர அநேகமாக எல்லாம் கிடைத்தால், அது தேர்ந்த கை போட்ட தோட்டம்.