ஓரணா நுளம்பு

மலேரியாவை நுளம்பு பரப்புகின்றது என நிறுவியவர் றொனால்ட் றொஸ். 1902இல் நோபல் பரிசு பெற்றார். குடாநாட்டு வகுப்பறைகளில் இச்சரித்திரம் பெரும்பாலும் இவ்வளவோடு முடிந்துவிடுகின்றது. றொஸ் 1923இல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளைப் படிக்கும்போதோ நாம் வேறு மனிதரையும் சந்திக்கிறோம்.

1880இல் அல்ஜீரியாவில் பிரெஞ்சு இராணுவ மருத்துவர் லவரன், நோயாளியின் குருதியில் கிருமியைக் கண்டிருந்தார். அது உடலுள் எவ்வழி புகுந்தது? 1897 ஆகஸ்டில் செக்கந்தராபாத்தில் ஹுசைன் கான் என்னும் நோயாளியை நுளம்புகள் கடிக்க விடப்பட்டன. கடித்த நுளம்பு ஒவ்வொன்றுக்கும் அவருக்கு ஓரணா கூலி! அந்நுளம்பொன்றின் இரைப்பைச் சுவரிலேயே றொஸ் கிருமியைக் கண்டார். மறு ஆண்டு கல்கத்தாவில் பறவைகளைக் கொண்டு கிருமியின் முழு வாழ்க்கைச் சுற்றையும் நிறுவியபோது உடனுழைத்தவர் முகமது பக்ஸ்.

றொஸ் கவிஞருங்கூட. கண்டுபிடிப்பைப் பாடிய அவரது கவிதையில் கடவுள் உண்டு. ஹுசைன் கான் இல்லை. நினைவுக் குறிப்பில் அப்பெயரை மறைக்காது எழுதிய நேர்மையை நாம் மதிக்கிறோம். ஆனால் எமது பாடநூலாசிரியர்கள் பின்பற்றியது கவிதையைத்தான்.

காரணம் தெரிந்து 37 ஆண்டுகளின் பின், 1934-35இல், இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேர் மலேரியாவுக்குப் பலியாகினர். வரட்சியில் ஆறுகள் குட்டைகளாகி நுளம்பு பெருகியது உண்மையே. பட்டினியால் நலிந்த உடல்களை எந்த நுளம்பின் கணக்கில் எழுதுவது? சூரியமல் இயக்கத்து இளைஞர் மருந்தோடு உணவையும் சுமந்து சென்றது இதை உணர்ந்தே.

2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியாவற்ற நாடென அறிவித்தது. அவ்வாண்டின் இறுதியிலேயே, இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி நுளம்பு மன்னாரில் அகப்பட்டது. பின்னர் அதன் குடம்பிகள் யாழ்ப்பாண நகரக் கிணறுகளிலும் காணப்பட்டன.