இளவயதுத் தலைச்சுற்றல்: கண் பரிசோதனையின் பலமும் எல்லையும்

முப்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர் ஓயாத தலைச்சுற்றலோடும் வாந்தியோடும் அவசரப் பிரிவுக்கு வந்தால், காதுக் கோளாறு என்றுதான் முதலில் தோன்றும். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால், கழுத்தின் பின்புறம் ஏறும் முதுகெலும்புத் தமனியின் உட்சுவர் கிழிந்து, அங்கே உறைந்த ரத்தம் சிறுமூளைக்குப் போகும் குழாயை அடைத்தாலும் இதே அறிகுறிகள் வரலாம். பல நேரங்களில் முகம் கோணாது, கைகால் தளராது, பேச்சும் குழறாது. அதோடு இளவயதும் சேர்ந்து மருத்துவரை ஏமாற்றிவிடுகிறது.

இந்த ஏமாற்றத்துக்கு மாற்றாக வந்ததுதான் 'ஹிண்ட்ஸ்' எனும் படுக்கையோரப் பரிசோதனை. தலையைச் சட்டென்று திருப்பும்போது பார்வை நிலைக்கிறதா, பார்க்கும் திசைக்கேற்பக் கண்துடிப்பின் (கருவிழி தானாக அசைவதன்) திசை மாறுகிறதா, இரு கண்களும் ஒரே மட்டத்தில் நிற்கின்றனவா என்ற மூன்றையும் அது பார்க்கிறது. காது நரம்பு பழுதானால் தலையைத் திருப்பும்போது பார்வை நழுவும். தலைச்சுற்றல் நீடிக்கும்போதே பார்வை நழுவாமல் நின்றால், அதுதான் பக்கவாதத்துக்கான எச்சரிக்கை. 101 நோயாளிகளிடம் நடத்தி 2009இல் வெளியான ஆய்வில், பக்கவாதம் ஒன்றைக்கூட இது தவறவிடவில்லை. தொடக்கத்தில் எடுத்த எம்.ஆர்.ஐ.யோ பக்கவாதம் வந்தவர்களில் 12 சதவீதம் பேரிடம் கோட்டைவிட்டது. கருவியும் செலவும் இல்லாமல் சில நிமிடங்களில் முடிவது கூடுதல் பலம்.

ஆனால் அந்த ஆய்வில் பரிசோதித்தவர்கள் நரம்பியல் கண் நிபுணத்துவம் பெற்றவர்கள். பயிற்சி குறைந்த கைகளில் துல்லியம் சரிகிறது. தலைச்சுற்றலும் கண்துடிப்பும் தொடர்ந்து இருப்பவர்களுக்கே இது பொருந்தும். படுக்கையில் புரளும்போது மட்டும் சில நொடிகள் சுற்றுபவரிடம் செய்தால், வீணாகப் பக்கவாத பயம் கிளம்பும். காதுக்குச் செல்லும் ரத்தக்குழாயும் சேர்ந்து அடைபட்டால், பக்கவாதமே காது நோய்போல நடிக்கும். அதனால் திடீர்ச் செவித்திறன் இழப்பையும் கவனிக்க வேண்டும். அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவர்களுக்கு ஏதேனும் ஒரு பக்கவாத ஆபத்துக் காரணியாவது இருந்தது; அப்படி எதுவுமில்லாத இளைஞருக்கு அந்த முடிவை அப்படியே பொருத்த முடியாது. தமனிக் கிழிசல் சந்தேகம் இருப்பவரின் கழுத்தை வெடுக்கென்று திருப்புவதும் விவேகமல்ல.

ஆகவே கண் பரிசோதனைக்கு முன்பே, கழுத்திலோ பின்தலையிலோ புதிதாக வலி உண்டா, அண்மையில் கழுத்தில் அடிபட்டதா, யாரேனும் கழுத்தைச் சொடுக்கினார்களா என்று கேட்பது அவசியம். பிடிமானமின்றி நிற்கவோ நடக்கவோ முடிகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பக்கவாதத்தால் வரும் சிறுமூளை வீக்கம் சில நாட்கள் கழித்தும் உயிரைப் பறிக்கக்கூடும். நிற்க முடியாத ஒருவரை, முதல் ஸ்கேன் சரியாக இருந்தாலும், வயதைக் காட்டி வீட்டுக்கு அனுப்பக் கூடாது. ஹிண்ட்ஸ் நல்ல பரிசோதனைதான். பழகிய கையும் பொருத்தமான நோயாளியும் சேர்ந்தால்தான் அதன் முடிவை நம்பலாம்.