கூட்டுப் படைப்பும் தனிப் பெயரும்

கலைப்படைப்பைத் தனிமனித மேதைமையின் வெளிப்பாடாக மட்டும் நோக்கும் மரபு திறனாய்வுலகில் ஆழ வேரூன்றியுள்ளது. கவிதைக்கு ஓரளவு பொருந்தக்கூடிய இந்நோக்கு கட்டடக்கலைக்குப் பொருந்துவதன்று. ஜெப்ரி பாவாவின் (1919-2003) ஆக்கங்கள் இதற்குத் தக்க சான்றாகும்.

பாவாவின் பெயரால் அறியப்படும் கட்டடங்கள் பலரது கூட்டு முயற்சியின் விளைவுகளாம். டென்மார்க்கைச் சேர்ந்த கட்டடக்கலைஞர் உல்ரிக் பிளெஸ்னர் 1960களின் பிற்பகுதிவரை அவருடன் இணைந்து பணியாற்றினார். பின்னர் பொறியியலாளர் கே. பூலோகசுந்தரம் பங்காளரானார். ஓவியரும் சிற்பியுமான லக்கி சேனநாயக்க, பற்றிக் கலைஞர் ஈனா டி சில்வா, நெசவு வடிவமைப்பாளர் பார்பரா சன்சோனி ஆகியோரும் இவ்வட்டத்தில் இணைந்தனர். அந்நியச் செலாவணி நெருக்கடியால் 1960களில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டமை, இவர்களை உள்நாட்டு மரம், ஓடு, கல், துணி என்பவற்றை நோக்கித் திருப்பிற்று. பற்றாக்குறையே ஒருவகையிற் படைப்பூக்கத்தின் ஊற்றாயிற்று எனலாம்.

இக்கூட்டுறவின் தன்மை மனங்கொள்ளத்தக்கது. பென்தோட்டை கடற்கரை ஹோட்டலின் வரவேற்பு மண்டப விதானத்தை ஈனா டி சில்வாவின் பற்றிக் துணிகள் அணிசெய்தன. சுவரில் தொங்கும் துணி ஓவியமாகும். விதானத்தில் அமையும் துணியோ கட்டடத்தின் உறுப்பாகும். எனவே பற்றிக் கலைஞர் கட்டட அளவிற் சிந்திக்க வேண்டியவரானார். கட்டடக்கலைஞரும் வண்ணத்திற்கு இடம்விட வேண்டியவரானார். 1994இல் எழுந்த கண்டலம ஹோட்டலின் படிக்கட்டருகே அமைந்த சேனநாயக்கவின் ஆந்தைச் சிற்பமும் இத்தகையதே. ஒருவர் மற்றவருக்குப் பணிந்து நடப்பதன்று கூட்டுப் படைப்பு. ஒருவரது துறை மற்றவரது கற்பனைக்கு எல்லையையும் வாய்ப்பையும் ஒருங்கே வழங்குவதே அதன் உயிர்நிலை.

எனினும் இவ்வட்டத்தின் வரையறையையும் சுட்டாதிருத்தல் இயலாது. அதில் இடம்பெற்றோர் பெரும்பாலும் ஆங்கிலங்கற்ற உயர்குழாத்தினர். அவர்களது வரைபடங்களுக்கு உருக்கொடுத்த மேசன்மார், தச்சர், சாயந்தோய்த்த பெண்கள் ஆகியோரின் பெயர்கள் வரலாற்றிற் பெரும்பாலும் பதிவாகவில்லை. அலுவிகாரையில் ஈனா டி சில்வா கிராமத்துப் பெண்களுடன் நடத்திய பணிமனை இவ்விடைவெளியைக் குறைக்க முனைந்த முயற்சியாகும். ஆயினும் அங்கும் வெளியுலகு அறிந்தது அவரது பெயரையே.

பாவாவின் மேதைமையை மறுப்பது இங்கு நோக்கமன்று. பலரது ஆற்றலை இனங்கண்டு ஒருங்கிணைத்தமையே அம்மேதைமையின் பெரும்பகுதி. அதனை ஏற்றுக்கொள்ளும் திறனாய்வு, ஒருங்கிணைக்கப்பட்டோரையும் பெயர்சொல்லிக் குறிக்கக் கடமைப்பட்டுள்ளது. கூட்டாக ஆக்கப்பட்டதைத் தனியொருவர் உடைமையாக்கும் வரலாறு, படைப்பின் தோற்றுவாயையே மறைத்துவிடும்.