ஓடுகிறவனும் செங்கல்லை முட்டுகிறவளும்

எங்கள் வீட்டு டிவி கேமில் இரண்டு பேர் என்றால் மாறி மாறித்தான் ஆட முடியும். நான் செத்தால் அக்கா, அக்கா செத்தால் நான். அவளோ லேசில் சாக மாட்டாள். மாரியோவை நிறுத்தி நிறுத்தி ஒவ்வொரு செங்கல்லையும் தலையால் முட்டிப் பார்ப்பாள். ஒன்றுமே இல்லாத இடத்திலும் நாலு தரம் குதித்துப் பார்ப்பாள். “டைம் போகுதுக்கா, ஓடு!” என்று நான் கத்துவேன். “சும்மா இருடா, இங்க ஏதோ இருக்கு” என்பாள். முதல் ஸ்டேஜில் நான்காவது குழாயைத் தாண்டி, முதல் பள்ளத்துக்கு முன்னால், ஒரு நாள் வெறும் ஆகாயத்தில் அவள் தலை இடித்தது. உள்ளேயிருந்து பச்சைக் காளான் உருண்டு வந்தது. ஒரு லைஃப் கூடுதல். அன்றைக்கும் என் முறை வர வெகுநேரம் ஆயிற்று.

கேசட்டின் மேல் 9999 ஆட்டங்கள் என்று போட்டிருக்கும். உள்ளே இருபதைத் தாண்டாது. ஆனால் அந்த முதல் ஆட்டம் ஒன்றே போதுமானதாக இருந்தது. எங்கள் சண்டைக்கான விறகை அதைச் செய்தவர்களே அடுக்கி வைத்திருந்தார்கள் என்பது பிற்பாடுதான் விளங்கியது. 1985 செப்டம்பரில் ஜப்பானில் நின்டெண்டோ வெளியிட்ட ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’, ஒரு பக்கம் மேலே 400 என்று ஒரு கடிகாரத்தை ஓடவிட்டு, 100க்கு வந்ததும் இசையைத் துரிதமாக்கி விரட்டுகிறது. இன்னொரு பக்கம் குழாய்க்குள்ளும் கூரைக்கு மேலும் எதையாவது ஒளித்துவைத்து, “நில், பார்” என்று சட்டையைப் பிடித்து இழுக்கிறது. பிளாட்ஃபார்ம் ஆட்டங்களின் மரபு முழுக்க இந்த இழுபறியின் மேல்தான் நிற்கிறது. ஊருக்கு ஊர் பாணி வேறு, சிக்கல் ஒன்று.

பத்துச் சிறந்த ஆட்டங்கள் என்று ஒரு பட்டியல் போட்டுத் தரலாம். சிறப்பு மலர்களுக்கு அது வழக்கமும்கூட. எனக்கு அதைவிட, எந்தப் பாணிக்காரர் ஓட்டத்துக்கும் தேடலுக்கும் என்ன உறவு வைத்தார் என்பதில்தான் ருசி. பாதி ஓட்டம், பாதி தேடல் என்று பாகப்பிரிவினை செய்த ஆட்டங்கள் ஏராளம். அவற்றில் ஒன்றும் மனதில் தங்கவில்லை. ஒன்றை இன்னொன்றுக்குச் சாவியாகச் செய்து கொடுத்தவை தங்கின.

இந்த வரிசையின் பாட்டன் ‘பிட்ஃபால்’. 1982இல் ஆக்டிவிஷனுக்காக டேவிட் கிரேன் செய்தது. காடு மொத்தம் 255 திரை, புதையல் 32, கையில் இருப்பது 20 நிமிடம். மேலே நடந்தால் ஒரு திரை கடக்கிற தூரம், கீழே சுரங்கத்தில் போனால் மூன்று திரை. அப்படியானால் சுரங்கத்திலேயே ஓடிவிடலாமே என்றால், புதையலெல்லாம் மேலே. சுரங்கத்தில் நடுநடுவே சுவர் வேறு. எந்த ஏணியில் இறங்கி எதில் ஏறுவது என்று காகிதத்தில் படம் போட்டவருக்கே 32உம் கிடைக்கும். தேடி முடித்தவனுக்கே வேகம் கைகூடும் என்ற இந்த மரபின் சூத்திரம், ஒரு சின்ன அட்டாரி கேசட்டுக்குள் அப்போதே எழுதப்பட்டுவிட்டது.

கியோட்டோக்காரர்கள், அதாவது நின்டெண்டோவின் ஷிகெரு மியாமோட்டோவும் அவருடைய குழுவும், அதை எடுத்து மெருகேற்றினார்கள். முதல் மாரியோவில் திரை இடப்பக்கம் திரும்பாது. தவறவிட்டது விட்டதுதான். எனவே தேடல் என்பது மேலேயோ கீழேயோதான். அக்கா காளானைக் கண்ட இடத்துக்குச் சற்று முன்னாலிருக்கும் அந்த நான்காவது குழாயில் இறங்கினால் நிலவறையில் 19 நாணயங்கள். அவற்றைப் பொறுக்கிக்கொண்டு வெளியே வந்தால் ஸ்டேஜின் கடைசிப் பகுதிக்கே வந்து நிற்கிறோம். நடு வழி முழுக்க மிச்சம். குழாயில் இறங்கிப் பார்த்த சோம்பேறி, நேராக ஓடிய அவசரக்காரனை முந்திவிடுகிறான். 1–2இல் இது இன்னும் பெரிதாகிறது. கூரைச் செங்கல்லின் மேலே ஏறி, வெளியேறும் குழாயையும் தாண்டிப் போனால், நான்காம் உலகத்துக்கு நேரே கொண்டுபோய் விடும் குழாய் இருக்கிறது. இந்த ஆட்டத்தை இன்றைக்கு ஐந்து நிமிடத்துக்குள் முடிக்கும் ஓட்டக்காரர்கள் எல்லாரும் அக்காவைப் போன்ற யாரோ ஒருவர் முட்டிக் கண்டுபிடித்த வழியில்தான் ஓடுகிறார்கள்.

1988இல் வந்த மூன்றாம் மாரியோ இதைத் தலைகீழாகத் திருப்பியது. அதில் வால் முளைத்த மாரியோவுக்குப் பறக்கத் தெரியும். ஆனால் நின்ற இடத்திலிருந்து பறக்க முடியாது. திரையின் கீழே ஓர் அம்பு வரிசை இருக்கிறது, தடையில்லாமல் ஓட ஓட அது நிரம்பும், நிரம்பினால்தான் ஆகாயம். மேகத்தின் மேல் என்ன இருக்கிறது என்று பார்க்க ஆசைப்படுகிறவர் முதலில் ஓடப் பழக வேண்டும். அக்கா ஓடக் கற்றுக்கொண்டது இந்த ஆட்டத்தில்தான். நான் நிமிர்ந்து பார்க்கக் கற்றுக்கொண்டதும் இதில்தான்.

பிறகு டோக்கியோ. சேகா கம்பெனியின் ‘சோனிக்’, 1991 ஜூன். நிரல் எழுதியவர் யூஜி நாகா, பாத்திரத்தை வரைந்தவர் நவோட்டோ ஓஷிமா, ஸ்டேஜ்களை அமைத்தவர் ஹிரோகாசு யாசுஹாரா. மாரியோவின் முதல் ஸ்டேஜைத் திரும்பத் திரும்ப ஆடி, எவ்வளவு சீக்கிரம் முடிக்கலாம் என்று பார்த்த பழக்கத்திலிருந்துதான் யோசனை பிறந்தது என்று நாகா சொல்லியிருக்கிறார். அதாவது இது என் கட்சி ஆட்டம்.

என் கட்சிக்கு ஒரு கஷ்டம் உண்டு. கணக்குப் போட்டே காட்டுகிறேன். சோனிக் ஓடிய மெகா டிரைவ் இயந்திரத்தின் திரை அகலம் 320 புள்ளி. சோனிக் அதன் நடுவில் நிற்கிறது. எதிரே தெரிவது 160 புள்ளி. சமதரையில் அதன் முழு ஓட்டம் ஃப்ரேமுக்கு 6 புள்ளி. விநாடிக்கு 60 ஃப்ரேம். திரை ஓரத்தில் முள் தென்பட்டதிலிருந்து அது காலில் ஏற அரை விநாடிகூட இல்லை. மாரியோவின் திரை இதைவிடச் சிறியது, 256 புள்ளி. ஆனால் அவன் தலைதெறிக்க ஓடினாலும் ஃப்ரேமுக்கு இரண்டரைப் புள்ளியைச் சுற்றித்தான். அவனுக்குக் கிட்டத்தட்ட ஒரு விநாடி கிடைக்கிறது. அந்த அரை விநாடி வித்தியாசத்தில்தான் இரண்டு பாணிகளும் பிரிகின்றன. மாரியோவில் கண் பார்த்து ஓடலாம். சோனிக்கில் முதல் தடவை ஓடுவது குருட்டு ஓட்டம்.

யாசுஹாரா இதற்கு வைத்த வைத்தியம் அழகானது. ஸ்டேஜை மாடி மாடியாகக் கட்டினார். மேல் மாடி விரைவான வழி. அங்கே தங்கக் கைத்திறன் வேண்டும். தடுக்கி விழுந்தால் பெரும்பாலும் சாவில்லை. கீழ் மாடிக்கு வந்து சேர்கிறோம். அங்கே பாதை சுற்று, ஆனால் நாம் இதுவரை பார்க்காதது. அடிபட்டால் கையிலுள்ள வளையங்கள் சிதறும். ஒன்றை எட்டிப் பிடித்தாலும் அடுத்த அடிக்குத் தாங்கும். இப்படித் தோல்வியையே தேடலாக மாற்றிவிட்டார்கள். நாலைந்து தரம் விழுந்தவனுக்கு ஸ்டேஜின் எல்லா மாடியும் அத்துபடி. அடுத்த ஓட்டத்தில் அவன் விழுவதில்லை. இதைச் சொல்லிவிட்டு, இரண்டாவது பகுதியான மார்பிள் ஸோனை எப்படிச் சகிப்பது? நெருப்புக் குழம்பின் மேல் ஒரு கல் மிதந்து மிதந்து போகும். அதன் மேல் ஏறி, பஸ்ஸில் போகிறவரைப் போல நிற்க வேண்டும். ஓடுவதற்கென்றே பிறந்த பிராணியை நிற்கவைத்துவிட்டு, தேடவும் ஒன்றும் தராமல் விட்டார்கள். இரண்டு கட்சிக்கும் துரோகம்.

கையடக்கமான கேம் கியருக்கு 1992இல் வந்த ‘சோனிக் 2’ இன்னும் மோசம். திரை 160 புள்ளி அகலம். முதல் பாஸிடம் உருண்டுவரும் குண்டுகளைப் பார்ப்பதற்குள் அவை மேலே ஏறிவிடும். வேகத்துக்கு முதல் தேவை சன்னல், கால் அப்புறம்தான்.

அதே பாணியின் உச்சம் என்று நான் சொல்வது அதிகம் பேர் ஆடாத ‘சோனிக் சிடி’யை. 1993, ஓஷிமா இயக்கியது. ஒவ்வொரு ஸ்டேஜுக்கும் நிகழ்காலம், இறந்தகாலம், எதிர்காலம் உண்டு. எதிர்காலத்தைக் கெடுக்கும் இயந்திரம் இறந்தகாலத்தில் எங்கோ ஒரு மூலையில் ஒளிந்திருக்கிறது. அதை உடைக்க வேண்டும். அங்கே போக, ‘பாஸ்ட்’ என்ற கம்பத்தைத் தட்டிவிட்டு, சில விநாடி வேகம் குறையாமல் ஓட வேண்டும். ஒரு சுவர் குறுக்கிட்டால் போச்சு, வாய்ப்பு கைநழுவும். எனவே எவனும் எடுத்த எடுப்பில் கம்பத்தைத் தட்டிவிட மாட்டான். தட்டுவதற்கு முன்பே அக்கம்பக்கத்தில் நீளமான, இடைஞ்சல் இல்லாத பாதை எங்கே என்று நிதானமாகச் சுற்றிப் பார்த்துவைப்பான். ஓடுவதற்கு இடம் தேடுவது, தேடுவதற்காக ஓடுவது. இரண்டும் இவ்வளவு இறுக்கமாக முடிச்சுப் போடப்பட்ட இன்னோர் ஆட்டத்தை நான் கண்டதில்லை. வேகமாக ஓடும்போது காட்சி முன்பக்கம் நகர்ந்து எதிரே கூடுதலாகக் காட்டும் வசதியும் இதில் உண்டு. யாரோ அந்த அரை விநாடிக் கணக்கைப் போட்டிருக்கிறார்கள்.

அமெரிக்கப் பாணியில் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. ஜோர்டான் மெக்னர் 1989இல் ஆப்பிள் 2க்குச் செய்த ‘பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா’. நம் ஊர்க் கம்ப்யூட்டர் லேபுகளில் ‘டேஞ்சரஸ் டேவ்’ ஓடிய அதே டாஸ் காலத்தில் இதுவும் ஓடியது. டீச்சர் வரும் சத்தம் கேட்டால் அணைப்பதும் பழகியிருந்தது. மொத்த ஆட்டத்துக்கும் 60 நிமிடம், நிஜக் கடிகாரப்படி. அவ்வளவு அவசரம். ஆனால் முதல் லெவலில் அவசரப்பட்டு, கையில் வாளில்லாமல் காவலாளியின் முன் போனால் ஒரே வெட்டு. வாள் வேறு பக்கம் கிடக்கிறது. தரையில் முள் கிளம்பும் இடத்தில் ஓடினால் குத்திச் சாவான். ஷிஃப்டை அழுத்தி ஒவ்வோர் அடியாக நடந்தால் அதே முள்ளுக்கு நடுவே ஒன்றும் ஆகாது. உயிரைக் கூட்டும் மருந்துக் குடுவைகள் சுற்றுவழிகளில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் விலை சில நிமிடம். தேடலை இவ்வளவு பச்சையாக விலைபோட்டு விற்ற ஆட்டம் வேறில்லை.

தேடலையே பாடாந்தரமாக வைத்த பாணி ‘மெட்ராய்ட்’. 1986, இதுவும் நின்டெண்டோதான், குன்பெய் யோகோயின் பிரிவு. எல்லா ஆட்டத்திலும் வலப்பக்கம் ஓடிப் பழகிய கை, இதிலும் வலப்பக்கமே போகும்; முதல் பொருள் இடப்பக்கம் இருக்கிறது. வரைபடம் கிடையாது. ஆனால் நின்டெண்டோவின் நெஸ் இயந்திரத்துக்கு வந்த பதிப்பின் முடிவுக் காட்சி, எவ்வளவு நேரத்தில் முடித்தோம் என்பதைப் பொறுத்தது. 5 மணி நேரத்துக்குள் முடித்தால்தான் தலைக்கவசம் கழன்று, இத்தனை நேரம் நாம் ஆட்டிவைத்த, ஆண் என்று நினைத்திருந்த சாமஸ் ஒரு பெண் என்று தெரியும். திரையில் கடிகாரமே காட்டாமல் கடைசியில் நேரக் கணக்குக் கேட்டார்கள்.

கணக்கர் பாணி என்று ஒன்றும் உண்டு. அதோடு எனக்குச் சண்டை. இங்கிலாந்தில் ரேர் செய்த ‘டாங்கி காங் கன்ட்ரி’ (1994) 101 சதவீதம் வரை எண்ணியது. ‘யோஷிஸ் ஐலண்ட்’ (1995) ஒவ்வொரு ஸ்டேஜிலும் 20 சிவப்பு நாணயம், 5 பூ, 30 நட்சத்திரம் சேர்த்து நூறு மதிப்பெண் போட்டது. ‘சிம்பனி ஆஃப் தி நைட்’ (1997) 200.6 சதவீதத்தில் போய் நின்றது. மூன்றும் நல்ல ஆட்டங்கள்தான். யோஷியின் வண்ணங்களுக்கு ஈடே இல்லை. என்றாலும் எண் கண்ணில் பட்ட பிறகு கை தேடுவதில்லை, ஸ்டாக் எடுக்கிறது. பச்சைக் காளான் எந்தப் பட்டியலிலும் இல்லாததால்தான் அக்கா அன்றைக்கு மகிழ்ச்சியில் கூவினாள்.

‘சூப்பர் மெட்ராய்ட்’ (1994) கற்றுக்கொடுக்கும் விதமே தனி. ஓர் ஆழமான பள்ளத்தில் விழுந்துவிடுவோம். அங்கே மூன்று பச்சைக் குட்டிப் பிராணிகள் சுவருக்குச் சுவர் எம்பி எம்பி மேலே போய்க் காட்டும். எழுத்து, அம்புக்குறி எதுவும் கிடையாது. பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டியதுதான். வேறோர் இடத்தில் நெருப்புக்கோழி போன்ற ஒரு பறவை நீள ஓடி, சட்டென்று நின்று, அந்த வேகத்தைச் சேமித்து அம்பாக மேலே பாயும். இந்த இரண்டு வித்தையையும் பழகியவருக்கு, அமைத்தவர்கள் போட்ட வரிசையை உடைத்துக்கொண்டு போகிற வழிகள் திறக்கின்றன. நின்று பார்த்த பாடத்திலிருந்துதான் ஓட்டக்காரர்களின் வேகமெல்லாம் வந்தது.

கடைசியில் கிரகம் வெடிக்கப்போகிறது. தப்பிக்க 3 நிமிடம். வழியில் ஒரு சுவரை உடைத்துத் திரும்பினால், அந்தப் பிராணிகள் ஓர் அறையில் மாட்டிக்கொண்டு நிற்கின்றன. வழி திறந்துவிட்டால் ஓடிப் போகும். மதிப்பெண் கிடையாது, சதவீதம் கூடாது, சில விநாடி நஷ்டம். அறக்கொடைக்காக நடக்கும் ‘கேம்ஸ் டன் குவிக்’ ஓட்ட விழாக்களில், காப்பாற்றுவதா, விட்டுவிட்டு ஓடுவதா என்று பார்வையாளர்கள் பணம் கட்டி மோதிக்கொள்கிறார்கள். காப்பாற்றியிருந்தால், கிரகம் வெடிக்கும் காட்சியில் ஒரு சின்னப் புள்ளி தனியாகப் பறந்து போகும். கண் வைத்திருந்தால்தான் தெரியும். அக்காவுக்கு அந்த வீடியோவைப் போனில் காட்டினேன். ஓட்டக்காரர் திரும்பாமல் நேரே போனபோது, “டேய், நில்லுடா, அங்க ஏதோ இருக்கு” என்றாள்.