சொல்லில் ஆடப்படும் ஆட்டம்

சங்கீதத்திலே பாடகரின் கண்டத்திலிருந்து வெளிப்படாத ஸ்வரத்தை எவரும் ரசிப்பதில்லை. சிற்பத்திலே உளி படாத கல்லைப் பார்த்து வியப்பாரும் இல்லை. சதுரங்கத்திலோ, பலகையில் ஒருபோதும் நிகழாமற்போன நகர்த்தல்களே பெரும்பாலும் ஆட்டத்தின் ஜீவனாக இருக்கின்றன. ஒருவர் தம் குதிரையை எதிரியின் வாயில் கொண்டுபோய் நிறுத்துகிறார். எதிரி நெடுநேரம் யோசித்து, கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும் அந்தக் குதிரையை வெட்டாமல், வேறொரு மூலையில் ஒரு சிப்பாயை ஒரு கட்டம் தள்ளுகிறார். சுற்றி நிற்பவர் கண்ணுக்கு அங்கே ஒன்றுமே நடக்கவில்லை. வெட்டியிருந்தால் விளைந்திருக்கக்கூடிய அற்புதமெல்லாம் ஆடிய இருவரின் சிந்தையில் மட்டும் தோன்றி, அங்கேயே மறைந்துபோகிறது. அதனை வெளியே கொண்டுவந்து நாலுபேர் முன்னால் வைப்பதற்கு வாய் ஒன்றே சாதனம். ஆகையினாலேதான், சதுரங்கப் பிரியர்கள் ஆட்டத்தினிடையிலும் ஆட்டம் முடிந்த பிறகும் கலையையும் சரித்திரத்தையும் சினிமாவையும் இழுத்துப்போட்டு நடத்துகின்ற விநோத சம்பாஷணைகளை வீண் அரட்டை என்று தள்ள என் மனம் இசைவதில்லை. அந்தக் கலை அரங்கேறுவதே அந்தப் பேச்சிலேதான் என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.

திருகோணமலையில் இந்த அரங்கேற்றம் உட்துறைமுக வீதியின் ஓரத்திலும் டச்சுக்குடாக் கடற்கரையிலும், வெயில் தணிந்த பிறகு, பிளேன்ரீயோடும் கச்சான் பொட்டலத்தோடும் நடைபெறும். பலகை என்று சொல்வது சுருட்டிப் பையில் வைக்கக்கூடிய ஒரு ரெக்சீன் விரிப்பு. கடற்காற்று அதன் ஓரங்களைத் தூக்காதபடி நாலு மூலையிலும் கல் வைப்பார்கள். அடியில் ஈயம் வைக்காத பிளாஸ்டிக் சிப்பாய்கள் அப்படியும் உருண்டுவிடும். உருண்டதை எடுத்து நிறுத்தும்போது அது நின்ற கட்டம் எது என்பதைக் குறித்து ஒரு சிறு வழக்கு எழும். வழக்கைத் தீர்த்து வைக்க, பார்த்து நிற்கும் முச்சக்கரவண்டிக்காரர் சாட்சி சொல்லுவார். ஆடுகிறவர்களுள் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் உண்டு, துறைமுகத்தில் வேலைபார்ப்பவர்களும் உண்டு. இவர்களோடு, எல்லோராலும் மாஸ்டர் என்று அழைக்கப்படும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் இருக்கிறார். அவருடைய ஆட்டத்தைவிட அவருடைய வியாக்கியானத்துக்கே கூட்டம் அதிகம்.

ஒருநாள் அவரோடு வெள்ளைக் காய் பிடித்து ஆடிய இளைஞன், மூலையிலே காவலின்றிக் கிடந்த கோட்டையைத் தன் ராணியால் வெட்டிவிட்டு, மிகுந்த பெருமிதத்தோடு நிமிர்ந்து உட்கார்ந்தான். மாஸ்டர் பலகையைப் பார்க்கவில்லை; தூரத்தே தெரிந்த பிரெட்ரிக் கோட்டையைப் பார்த்தார்.

"தம்பி, கோட்டையைப் பிடிச்சாப்போல துறைமுகம் கைக்கு வந்திடுமோ? பிரெஞ்சுக்காரனும்தான் பிடிச்சவன். எத்தினை நாள் வைச்சிருந்தவன்?"

"மாஸ்டர், நான் பிரெஞ்சு இல்லை, வெள்ளை. வெள்ளை 1795இல வந்து 1957 மட்டும் இருந்தது!"

சுற்றி நின்றவர்களெல்லாம் கைகொட்டினார்கள். இந்த இரண்டு வாக்கியங்களுக்குள் எவ்வளவு சரித்திரம் அடங்கிக்கிடக்கிறது என்பதைச் சற்றே நிதானித்துப் பார்க்கவேண்டும். 1782ஆம் ஆண்டு ஜனவரியிலே ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கைப்பற்றிய இத்துறையை, அதே ஆண்டு ஆகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரன் பறித்துக்கொண்டதும், சமாதான உடன்படிக்கைக்குப் பின்னர் பிரெஞ்சுக்காரர் அதனைக் கைவிட்டுப் போனதும், 1795இல் மீண்டும் வந்த ஆங்கிலேயர் ஈற்றில் 1957 ஒக்டோபரிலேதான் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்ததும் அந்தப் பையனுக்குப் பாடப்புத்தகத்தில் மட்டும் இருந்திருந்தால், ஒரு ராணியின் பேராசைக்கு உத்தரமாக அது நாவின் நுனிக்கு வந்திராது. கோணேசர் ஆலயத்தை இடித்த கற்களைக் கொண்டு கட்டிய கோட்டையை நாள்தோறும் பார்த்து வளர்ந்தவனுக்கே அந்த வாக்கு வரும்.

பையன் வாக்கில் வென்றான், ஆட்டத்தில் தோற்றான். அந்த ஆட்டத்தைப் பற்றிச் சொல்வதைவிட, தோற்ற பிறகு மாஸ்டர் காய்களை மறுபடி அடுக்கி விளக்கிய வேறோர் ஆட்டத்தைப் பற்றிச் சொல்வதே இங்கே பொருத்தம். ஏனென்றால், மூலைக் கோட்டைக்கு ஆசைப்பட்ட ராணியின் கதைகளுள் அதுவே உலகப் பிரசித்தமானது. அது பிரசித்தமானதில் இந்த ஊர்க் கடலுக்கும் ஒரு தூரத்து உறவு இருக்கிறது.

1956இல் இலங்கைக்கு வந்து குடியேறிய ஆங்கில எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க், தம் நண்பர் மைக் வில்சனோடு கோணேசர் மலையின் அடிவாரக் கடலிலே மூழ்கி, பதினேழாம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய ஆலயத்தின் தூண்களையும் செதுக்கிய கற்களையும் கண்டு எழுதியதை இவ்வூரார் இன்றும் நன்றியோடு நினைவுகூர்கிறார்கள். அந்த கிளார்க்கும் அமெரிக்க இயக்குநர் ஸ்டான்லி கியூப்ரிக்கும் 1964இல் சந்தித்துச் சேர்ந்து சிருஷ்டித்ததே, 1968இல் வெளிவந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' என்ற திரைப்படம். கியூப்ரிக் இளமையில் நியூயோர்க்கின் வாஷிங்டன் சதுக்கத்திலே காசு வைத்துச் சதுரங்கம் ஆடியவர். வியாழனை நோக்கிச் செல்லும் விண்கலத்தில், ஃபிராங்க் பூல் என்ற விண்வெளி வீரன் ஹால் என்ற கணினியோடு சதுரங்கம் ஆடும் ஒரு சிறு காட்சியை அப்படத்திலே அவர் அமைத்தார். அக்காட்சிக்காக அவர் எடுத்துக்கொண்டது, 1910இல் ஹம்பேர்க் நகரில் ரோஷ் என்பவருக்கும் வில்லி ஷ்லாகே என்பவருக்குமிடையே நடந்த மெய்யான ஓர் ஆட்டத்தின் முடிவு.

பதினைந்தே நகர்த்தல்களில் முடிந்த அந்த ஆட்டத்தின் லாவண்யத்தை நிதானமாக அனுபவிக்கவேண்டும். பன்னிரண்டாவது நகர்த்தலில் வெள்ளை ராணி பலகையின் கோடிக்குப் போய்க் கறுப்பின் கோட்டையை விழுங்குகிறது. கறுப்பு அதைப் பொருட்படுத்துவதேயில்லை. தன் ராணியை வெள்ளையின் பாசறைக்குள், மூன்றாம் வரிசையின் நடுவே கொண்டுவந்து நிறுத்துகிறது. வெட்டுவார் எவருமில்லாத இடம் அது. ராஜாவை நெருங்கும் ஆபத்தைத் தடுக்க வெள்ளை தன் மந்திரியைப் பின்வரிசைக்கு இழுக்கும்போது, கறுப்பின் மந்திரி தன் வீட்டைவிட்டு எதிர்ப்புறத்து ஓரத்துக்குப் பாய்கிறது. பாய்ந்த அதே கணத்தில் பின்வரிசை திறந்து, எஞ்சிய கறுப்புக் கோட்டையின் பார்வை, மூலையில் சிக்கிய வெள்ளை ராணியின்மேல் நேரே விழுகிறது. ராணி தப்புகிறது, தப்புகிறபோதும் ஆசை அடங்காமல் ஓரத்துச் சிப்பாய் ஒன்றையும் வெட்டுகிறது. கறுப்பு மந்திரியோ ராஜாவின் அருகிலிருந்த சிப்பாயை வெட்டி அவ்விடத்திலேயே உட்கார்ந்துவிடுகிறது. பின்னே ஒரு குதிரை காவல் நிற்பதால் ராஜா அதைத் தொடமுடியாது. வெள்ளை தன் கோட்டையை ஒதுக்குகிறது. உடனே கறுப்பு தன் ராணியை ஒரேயொரு காரியத்துக்காக நகர்த்துகிறது: வெள்ளை மந்திரி வெட்டக்கூடிய கட்டத்தில் அதை வைக்கிறது. வெட்டினால் ஒரு குதிரை வந்து வெட்டிய மந்திரியை வெட்டி செக்மேட். வெட்டாவிட்டால் மற்றக் குதிரை ஓரத்துக்குத் தாவி செக்மேட். ரோஷ் அவ்விடத்திலேயே தோல்வியை ஒப்புக்கொண்டார்.

ஆகவே அந்தச் செக்மேட் 1910இலும் பலகையில் நிகழவில்லை, திரைப்படத்திலும் நிகழவில்லை. ஹால் அதனைச் சாந்தமான குரலில் சொல்லுகிறது: ராணி போகும், மந்திரி ராணியை வெட்டும், குதிரை மந்திரியை வெட்டும், முடிந்தது. பூல் திரையைப் பார்த்து ஒப்புக்கொள்கிறான். நல்ல ஆட்டத்துக்காக ஹால் நன்றி கூறுகிறது. நிகழாத நகர்த்தல்களை நாவினால் நிகழ்த்திக் காட்டுவதுதான் சதுரங்க ரசனை என்ற சூக்ஷ்மத்தை இவ்வளவு சுருக்கமாகக் காட்டிய வேறொரு கலைப்படைப்பை நான் அறியேன்.

இந்தக் காட்சியை வைத்துச் சதுரங்கப் பிரியர்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாக மகிழ்ச்சியோடு சண்டை பிடிக்கிறார்கள். அக்காலத்து ஆங்கில முறையில் ஒவ்வொருவரும் தத்தம் பக்கத்திலிருந்தே வரிசைகளை எண்ணுவர். கறுப்பாக ஆடிய ஹால், ராணி போகும் கட்டத்தை ஆறாம் வரிசை என்றல்லவா சொல்லியிருக்கவேண்டும்? மூன்றாம் வரிசை என்கிறது. வசனம் எழுதியதில் நேர்ந்த பிசகு என்பார் ஒரு சாரார். பின்னர் மனிதரைக் கொல்லப்போகும் கணினியின் புத்தி பேதலிக்கத் தொடங்கியதற்கு கியூப்ரிக் வேண்டுமென்றே வைத்த முதல் அடையாளம் என்பார் மறு சாரார். இரண்டாவது குற்றச்சாட்டு, அந்த ராணியை வெட்டவேண்டிய கட்டாயம் பூலுக்கு இல்லையே, வேறு நகர்த்தலால் முடிவைச் சிறிது தள்ளிப்போட்டிருக்கலாமே, ஹால் அவனை ஏமாற்றிவிட்டதல்லவா என்பது. இதில் நான் ஹாலின் பக்கம். தோற்பது நிச்சயமாகிவிட்ட நிலையில், பல வழிகளுள் மிக அழகான வழியை எடுத்துச் சொல்வது ரசிகரின் பண்பு. ஓரிரு நகர்த்தல்கள் தாமதிப்பதனால் பூலுக்கு வாய்க்கப்போவது ஒன்றுமில்லை. வரிசையின் எண்ணைப் பற்றியும் எனக்கொரு பாடம் உண்டு: மூன்றாம் வரிசை என்பது பூலின் ஆசனத்திலிருந்து எண்ணினால் சரியான கணக்கு. ஹால் எதிராளியின் பக்கத்தில் உட்கார்ந்து பலகையைப் பார்த்தது என்று கொள்வோமானால், அது நல்ல ஆட்டக்காரர் எவரும் செய்வதே. மாஸ்டர் இதை ஏற்கவில்லை. "எதிராளியின்ர பக்கமிருந்து பார்க்கத் தெரிஞ்சது, பிறகு ஏன் அவனைக் கொண்டது?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் விடை இல்லை; கேள்வி மிக நல்ல கேள்வி.

கிளார்க் எழுதிய நாவலிலே ஹாலின் சுபாவம் சற்று வேறு. எப்போதும் வென்றால் மனிதரின் ஊக்கம் கெடும் என்று கருதி, பாதி ஆட்டங்களில் மட்டுமே வெல்லும்படி அதனை அமைத்திருந்தார்கள் என்று அவர் எழுதியிருக்கிறார். மாஸ்டரும் சிறுபிள்ளைகளோடு ஆடும்போது ஒரு கோட்டையைப் பறிகொடுத்துவிட்டு, "ஐயோ, கண்டனானில்லையே!" என்று தலையில் கைவைப்பார். இன்று நம் சட்டைப்பையிலுள்ள கைப்பேசிக்கு இந்தத் தாட்சணியம் கிடையாது. 1997இல் சதுரங்கச் சாம்பியன் கஸ்பரோவை வென்ற டீப் புளூ என்ற கணினியைவிடப் பன்மடங்கு வல்லமை வாய்ந்த அது, ஒவ்வொரு நிலைக்கும் ஓர் எண்ணைக் காட்டுகிறது. இந்தப் பக்கம் இவ்வளவு மேல், அந்தப் பக்கம் இவ்வளவு கீழ். அந்த எண்ணில் ஷ்லாகேயின் ராணிப் பலியும் ஒன்றுதான், அலுப்பூட்டும் ஒரு சிப்பாய் நகர்த்தலும் ஒன்றுதான். டச்சுக்குடாவிலே யாராவது கைப்பேசியை எடுத்தால் "அதைப் பைக்குள்ள வையும், கதைப்பம்" என்று அதட்டுவது மூர்க்கம் என்று எனக்குத் தோன்றவில்லை.

கிளார்க்குக்குச் சதுரங்கத்தின்மேல் ஒரு பயமும் இருந்ததோ என்று எண்ணத் தூண்டும் கதை ஒன்று உண்டு. ஒரு தபாலட்டையில் அடங்கவேண்டும் என்ற நிபந்தனைக்கு இணங்க அவர் எழுதி, 1977இல் வெளிவந்த மிகச் சிறிய கதை அது. பூமி அழிக்கப்பட்டுவிட்டது, அழித்தவை வேற்றுலக இயந்திரங்கள், காரணம், பூமியிலிருந்து ஒரு தொற்று அவற்றின் சிந்தையைப் பற்றிக்கொண்டு, முடிவில்லாத கணக்குகளில் மூழ்கடித்து, செயலிழக்கச் செய்தது. அந்தத் தொற்று இன்னதென்று கடைசி வரியில் தெரிகிறது: ராஜா, ராணி, மந்திரி, குதிரை, கோட்டை, சிப்பாய். அதே 1977ஆம் ஆண்டிலேதான் சத்யஜித் ராய், பிரேம்சந்தின் கதையைத் தழுவி 'ஷத்ரஞ்ச் கே கிலாடி' என்ற படத்தை எடுத்தார். 1856இல் அயோத்தி ராஜ்யத்தை ஆங்கிலக் கம்பெனி விழுங்கிக்கொண்டிருக்கையில், லக்னோவின் பிரபுக்கள் இருவர் சதுரங்கப் பலகையைவிட்டு எழவில்லை. பிரேம்சந்த் அவ்விருவரையும் வாள்வீச்சில் மடியச் செய்தார். ராய் அவர்களை உயிரோடு விட்டு, ஆங்கில விதிப்படி மறுபடி ஆட உட்காரவைத்தார். ராயின் முடிவே எனக்கு அதிகம் வலிக்கிறது. ஒருவர் கொழும்பிலும் மற்றவர் கல்கத்தாவிலுமாக வாழ்ந்த இரு மேதைகள், ஒரே வருஷத்தில், இந்த விளையாட்டு மனிதரை மட்டுமன்றி இயந்திரங்களையும் ராஜ்யங்களையும் மூழ்கடிக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். இதை எடுத்துச் சொன்னபோது துறைமுகத்தில் வேலைபார்க்கும் நண்பர் ஒருவர், "அது சரி அண்ணை, மன்னார்குடிக்குப் பக்கத்தில திருப்பூவனூரில சிவபெருமானே சதுரங்கம் ஆடி ராசகுமாரியை வெண்டு கல்யாணம் முடிச்சவர். அவருக்கு ஒரு நட்டமும் வரேல்லையே!" என்றார். சதுரங்க வல்லபநாதர் கோயில் கொண்டிருக்கும் அந்தத் தலத்தின் ஐதிகத்தை இதைவிடச் சமயோசிதமாக நான் கேட்டதில்லை.

இன்னொரு சேதியும் மாஸ்டருக்கு மிகப் பிரியமானது. 1782 செப்டெம்பரில் திருகோணமலைக் கடலிலே சஃப்ரனின் கப்பல்களும் ஆங்கிலக் கப்பல்களும் பீரங்கியால் மோதிக்கொண்ட அதே ஆண்டில், இசை நாடகங்கள் இயற்றிய பிரெஞ்சு வித்துவானும் தம் யுகத்தின் தலைசிறந்த சதுரங்க வீரருமாகிய ஃபிலிதோர், பகைவரின் தலைநகராகிய லண்டனில் கௌரவ விருந்தினராக இருந்து, பலகையைப் பாராமலே ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆட்டங்களை ஆடி ஆங்கிலேயரைப் பிரமிக்க வைத்தார். இதைக் கேட்டதும் கிளார்க்கின் தபாலட்டைக் கதைக்கே திரும்பிய அந்த இளைஞன், "அப்ப கிளார்க்கின்ர ரோபோக்கள் எங்கட ஊருக்கு வந்திருந்தால் தப்பியிருக்கும் மாஸ்டர். கரண்ட் நிண்டால் ஆட்டமும் நிண்டிடும்" என்றான்.

"ஃபிலிதோருக்குக் கரண்டும் தேவையில்லை, பலகையும் தேவையில்லை. உமக்குத்தான் தம்பி ரெண்டும் வேணும்," என்று சொல்லிவிட்டு, மாஸ்டர் பலகைக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து, தம் முதல் நகர்த்தலை வாயால் சொன்னார்.