மேன் பக்கமும் பவணந்தியாரின் பாயிரமும்

நம் வீட்டுப் பிள்ளைகளில் பலர் இன்று கணினித் துறையில் இருக்கிறார்கள். கறுப்புத் திரையில் 'மேன்' என்று தட்டி, கூடவே ஒரு கட்டளையின் பெயரையும் தட்டினால் விளக்கப் பக்கம் ஒன்று வரும். அதை அவர்கள் நூலாக நினைப்பதில்லை. அடியேன் நினைக்கிறேன். நூல் என்றால் குணமும் குற்றமும் பார்க்கத்தானே வேண்டும்?

இம்மரபு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிச்சியும் எழுதிய யூனிக்ஸ் கையேட்டின் முதற்பதிப்பு 1971 நவம்பர் 3 தேதியிட்டது. பெயர், சுருக்கம், விளக்கம், கோப்புகள், 'இதையும் காண்க' என்று ஒரே வரிசை. யார் பொறுப்பு என்பதற்கும் தனித்தலைப்பு. நன்னூலின் சிறப்புப் பாயிரம் ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்று எட்டை எண்ணுகிறது. பவணந்தி முனிவரை அவர்கள் அறிந்திருக்க வழியில்லை; ஆனாலும் பாதிக்குமேல் பொருந்தி வருகிறது.

எனக்கு மிகப் பிடித்தது 'பக்ஸ்' என்ற தலைப்பு. தன் நிரலின் குறையை எழுதியவனே சொல்லிவிடுகிறான். செய்த பிழையை அன்றன்றே எண்ணிச் சொல்லும் பிரதிக்கிரமணம் எங்கள் சமணத்தில் உண்டு. கடையில் உட்கார்ந்தால் அது மறந்துபோகும். சரக்கின் குறையை வாங்க வந்தவரிடம் நாமாகச் சொல்வோமா?

குற்றம் எங்கே? எட்டில் 'கேட்போர்' விடுபட்டுவிட்டது. முதற் பக்கங்களை வாசித்தவர்கள் அதே கூடத்தில் வேலை செய்தவர்கள். அவர்களுக்குச் சுருக்கம் போதும். இன்று வாசிப்பவன் புதியவன். தினமும் வேண்டிய விருப்பக்குறியும் யாரும் தொடாத விருப்பக்குறியும் அகர வரிசையில் ஒரே கனத்தோடு நிற்கின்றன. உதாரணம் ஒன்றுகூட இல்லாத பக்கங்கள் ஏராளம். சுருங்கச் சொல்லலில் தேறி, விளங்க வைத்தலில் தோற்கின்றன. குனு திட்டத்தாரோ முழு விளக்கத்தை 'இன்ஃபோ' நூலில் வைத்துவிட்டு மேன் பக்கத்தின் கடைசியில் அங்கே போ என்று கைகாட்டுகிறார்கள்.

எழுதினால் மட்டும் போதாது, நிறுவவும் வேண்டும். பயனர் கட்டளை என்றால் கோப்புப் பெயரின் முடிவில் 1, கோப்பு வடிவம் என்றால் 5, நிர்வாகிக்கு 8. 'மேன்1' அடைவில் எல்லோரும் படிக்கும்படி வைத்து, 'மேன்டிபி' ஓட்டிப் பொருளடைவைப் புதுப்பித்தால்தான் சொல் கொடுத்துத் தேடுபவனுக்கும் கிடைக்கும்.

எங்கள் கடைக் கணக்குக்கு ஒரு பையன் சிறு நிரல் எழுதித் தந்தான். வேறு வேலைக்குப் போய்விட்டான். ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது கட்டளையைத் தெரிந்த மட்டும் தட்டினோம். போன வருடப் பேரேடு அழிந்தது. காகிதப் பில்களை வைத்து மறுபடி ஏற்ற இருபது நாள் ஆச்சு. பிறகுதான் மூல நிரல் அடைவில் அவன் எழுதிய மேன் பக்கம் கண்ணில் பட்டது. நல்ல பக்கம், உதாரணங்களோடு. 'பக்ஸ்' தலைப்பின்கீழ், ஆண்டைக் குறிப்பிடாவிட்டால் பழைய கோப்பின் மேலேயே எழுதிவிடும் என்று தெளிவாகச் சொல்லியிருந்தான். நிறுவ மட்டும் மறந்துவிட்டான். அன்றைக்கே அதை எடுத்து 'மேன்1' அடைவில் வைத்தேன்.