வர்த்தக நிலுவையும் வயல் நிலமும்

இலங்கையின் வர்த்தகப் பற்றாக்குறை 2021இல் ஏறத்தாழ 810 கோடி டொலர். 2022இல் அது ஏறத்தாழ 520 கோடியாகச் சுருங்கிற்று. இதனைச் சாதனையெனக் கொள்வோர் கணக்கின் ஒரு பக்கத்தையே படிக்கின்றனர். ஏற்றுமதி சற்றே உயர்ந்தது மெய். எனினும் இடைவெளியைப் பெரிதும் குறைத்தது, செலாவணியற்ற நாடொன்றின் இறக்குமதி வீழ்ச்சியே.

இறக்குமதிகள் யாவும் ஒரு தன்மையன அல்ல. மோட்டார் வாகனத்தையும் யூரியாவையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளையின் இறக்குமதி தடைசெய்யப்பட்டது. மக்கள் நலனே காரணமெனக் கூறப்பட்டது. செலாவணி நெருக்கடியும் பின்னணியில் நின்றது. நவம்பரில் தடை நீங்கியபோது அக்கரைப்பற்று வயல்களிற் பெரும்போக விதைப்புக் காலம் வந்துவிட்டது. விளைச்சல் வீழ்ந்தது, பசளைக்குச் செலவிடாத டொலர் மறு ஆண்டில் அரிசிக்குச் சென்றது. சிக்கனம் என்று இதனை எவ்வாறு அழைப்பது?

1986இல் ஆடை ஏற்றுமதி தேயிலையை விஞ்சியதைப் போற்றுவோரும், அவ்வாடைக்குரிய துணியிற் பெரும்பகுதி இறக்குமதியானதே என்பதைப் பெரிதும் பேசுவதில்லை.

பற்றாக்குறையின் ஒரு பகுதியை ஈடுசெய்வது மத்திய கிழக்கில் உழைப்போர் அனுப்பும் பணம். கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் அத்தகையோரின் குடும்பங்கள் பல. ஆயினும் வர்த்தகக் கணக்கில் அவர்களுக்கு இடமில்லை. உழைப்பு அங்கே பண்டமாக எண்ணப்படுவதில்லை.